பதினான்காம் அறை, சுவரோர இரண்டாவது மேசை

இந்தக் கல்லூரியில் யார் எங்கே உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷம் முடிவு செய்தவள் நான். தேர்வுப் பிரிவில் எழுத்தர் என்றுதான் உத்தரவில் போட்டிருக்கும். ஆனால் பரீட்சைக் காலத்தில் பேராசிரியர்கள்கூட என் மேசைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் என் பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார்.

எங்கள் வழக்கம் இது. ஒரு பரீட்சைக்கு உட்கார்ந்த இடத்தில் அடுத்த பரீட்சைக்கு யாரும் உட்காரக்கூடாது. ஒவ்வொரு நாளும் ஏழு எண் தள்ளிப் போடுவேன், அறையும் மாறும். பட்டியலைப் பரீட்சைக்கு அரை மணி நேரம் முன்புதான் பலகையில் ஒட்டுவோம். முதல் நாளே தெரிந்தால் மேசையில் எழுதி வைத்துவிடுவார்கள் என்று பயம். நூறு பேரில் நான்கு பேர் காப்பியடிப்பார்கள் என்பதற்காக மிச்சம் தொண்ணூற்றாறு பேரும் பலகைக்கு முன்னால் முட்டி மோதுவார்கள். அது தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியதே இல்லை.

அவள் முதல்முறை என் ஜன்னலுக்கு வந்தபோது காதில் பெரிய மூடி மாட்டியிருந்தாள். சாலை தோண்டுகிறவர்கள் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி. வயது முப்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தாவரவியல் முதுகலை முதல் வருஷம். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு. அவர்கள் அவளுக்குக் காதுமூடி அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். அவளிடமே ஒருமுறை கேட்டேன். பெயர் சரியாகத்தான் இருக்கிறது, காதுமூடியும் இருக்கிறது, வயதும் அதிகம் என்றாள்.

அன்று ஒரு மனு கொண்டுவந்தாள். ஒரே பக்கம். கூடவே மருத்துவர் கடிதம், ஆட்டிசம் என்று எழுதியிருந்தது. மனுவில் நான்கு கோரிக்கை, எண் போட்டு. எல்லாப் பரீட்சைக்கும் ஒரே அறை, ஒரே மேசை. இரைகிற ட்யூப்லைட்டுக்குக் கீழே இடம் வேண்டாம். காதுமூடியைக் கழற்றச் சொல்லக்கூடாது. அறை எது என்று முதல் நாளே தெரிய வேண்டும். இவ்வளவுதான். கேள்வித்தாளைக் கேட்கவில்லை, மதிப்பெண்ணைக் கேட்கவில்லை.

நான் அதைத் தேர்வு அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. கழிப்பறைக் குழாய் ஒழுகினாலும் சுற்றறிக்கைதான் விடுவார், பிளம்பரைக் கூப்பிட மாட்டார். அவர் மேசை இழுப்பறையிலிருந்து சலுகைப் படிவத்தை எடுத்தார். அதில் நான்கு கட்டம்: பார்வை, செவி, கை, கால். மனுவையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்குக் கண் தெரிகிறது, காது கேட்கிறது, கை எழுதுகிறது, கால் நடக்கிறது, எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று என்னையே கேட்டார். அப்புறம் குழுவுக்கு அனுப்பலாம் என்றார். அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு ஒரு கர்வம் உண்டு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். நான் அப்படி இல்லை, சாமி கொடுக்காவிட்டாலும் கொடுக்கிற பூசாரி என்று நினைப்பு. ஜன்னலுக்கு வந்தேன்.

"மனுவைத் திரும்ப எடுத்துட்டுப் போம்மா. இது மேசை மேசையா சுத்திக்கிட்டே இருக்கும். உனக்கு இடம்தானே வேணும்? நான் பாத்துக்கறேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்க பாத்துக்கறது எந்தப் பதிவேட்டுல இருக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். என் மனசுல இருக்கும் என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. மனுவை எடுத்துப் போகிறேன், ஆனால் வந்து சேர்ந்தது என்று தேதி முத்திரை போட்டுக் கொடுங்கள் என்றாள். திரும்ப எடுத்துப் போகிற காகிதத்துக்கு எதற்கு முத்திரை என்று முணுமுணுத்துக்கொண்டே ஓங்கி ஒன்று குத்திக் கொடுத்தேன். அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையை மடக்கி, பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன், அதில் குறை வைக்கவில்லை. பதினான்காம் அறை, பின்கட்டில் தரைத்தளம். சுவரோர வரிசை, இரண்டாவது மேசை. அந்த ஓரத்து ட்யூப்லைட் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, யாரும் மாற்றவில்லை. நிர்வாகத்தின் சோம்பேறித்தனம் ஒருத்திக்கு உதவிய ஒரே இடம் அதுதான். ஒவ்வொரு நாளும் பட்டியல் போட்டு முடித்ததும், அந்த மேசைக்கு வரவேண்டிய எண்ணை அவள் இடத்துக்குத் தள்ளி, அவள் எண்ணை அங்கே கொண்டுவந்துவிடுவேன். காதுமூடி விஷயத்தைக் கண்காணிக்க வருகிறவர்களிடம் காதோடு காதாகச் சொல்லி வைப்பேன். முதல் நாள் மாலை அவள் ஜன்னலுக்கு வருவாள். நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவாள்.

முதல் பருவத்தில் ஐந்து தாள், ஐந்திலும் முதல் வகுப்பு. பரீட்சை முடிந்த அன்று ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள். மூன்றாம் அறைப் பட்டியலில் நாற்பத்தேழு இரண்டு தரம் வருகிறது, எழுபத்துநான்கு எங்கேயும் இல்லை என்று எழுதியிருந்தது. சரிபார்த்தேன், உண்மை. இருபத்திரண்டு வருஷத்தில் என் பட்டியலில் தப்புக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவளைப் பிடித்துப்போனது.

அவளைப் பற்றி மற்றதெல்லாம் அவள் அண்ணன் சொல்லித் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர் கடை வைத்திருக்கிறார். பதினெட்டு வயதில் அவளை வேறு ஒரு கல்லூரியில் சேர்த்தார்களாம். பதில் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொல் என்று ஒரு ஆசிரியர் வகுப்பில் நிற்க வைத்தே இருந்திருக்கிறார். முகத்தைப் பார்த்தால் பதில் வராது, பதிலைச் சொன்னால் முகம் பார்க்க முடியாது. மூன்று மாதத்தில் படிப்பை விட்டுவிட்டாள். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு மொத்த மருந்துக் கிடங்கில் வேலை. காலாவதித் தேதி தாண்டிய ஒரு பெட்டிகூட அவள் கையைத் தாண்டிப் போனதில்லையாம். அங்கே வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் இளங்கலை முடித்து, இருந்த பயத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள்.

படிப்பது பாசி. மரத்திலும் சுவரிலும் பச்சையாகப் படர்ந்திருக்குமே, அதில் எத்தனை வகை என்று கழுத்தில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவர் சுவராகப் பார்ப்பாள். எங்கள் கல்லூரிக்குள் மட்டும் பதினோரு வகை இருக்கிறதாம். நான் பார்த்தவரை ஒரே வழுக்கல்தான்.

ஆனால் துறையில் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இல்லை. குழுவாகச் செய்கிற வேலையில் யாரும் அவளைச் சேர்க்க மாட்டார்கள், தனியாகச் செய்தால் குழுவில் செய்யவில்லை என்று மதிப்பெண் குறைப்பார்கள். பேச்சுத் திறன் என்று பத்து மதிப்பெண் உண்டு, அதில் மூன்று பருவமும் அவளுக்குக் கிடைத்தது இரண்டு. அவள் கிடங்கில் இருந்திருக்கலாம், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு ஒரு பாரம் என்று துறைத்தலைவர் எங்கள் அறையிலேயே வந்து சொன்னார். பாரம் யாருக்கு சார் என்று கேட்டேன். டீ ஆறிவிட்டது என்று எழுந்து போனார்.

மூன்று பருவம் இப்படி ஓடியது. நான்காவதுதான் கடைசிப் பருவம். அந்தப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் பித்தப்பையில் கல். வலியில் சுருண்டுவிட்டேன். அறுத்து எடுத்து, ஒரு மாதம் படுக்கை. என் இடத்தில் ஒரு புதுப் பையனைப் போட்டார்கள். கெட்டிக்காரப் பையன், கணினியிலேயே பட்டியல் போட்டுவிட்டான். அவனிடம் யார் என்ன சொல்லியிருக்க முடியும்? சொல்லவேண்டியது என் மனசில்தான் இருந்தது. என் மனசு மருத்துவமனையில் மயக்க மருந்தில் கிடந்தது.

பரீட்சை தொடங்கிய அன்று அவளுக்கு விழுந்தது மூன்றாம் அறை, நட்ட நடு வரிசை. தலைக்கு மேலே ட்யூப்லைட் மினுக்கு மினுக்கென்று இரைந்துகொண்டிருந்திருக்கிறது. கண்காணிக்க வந்தவர் வெளியாள். காதுமூடிக்குள் செல்போன் இருக்கும் என்று பின்னாலிருந்து வந்து பிடுங்கிவிட்டார். மூன்று வரி எழுதியிருந்தவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு எழுந்திரு என்று அவர் கையைப் பிடித்து இழுக்க, எழுந்து ஓடியிருக்கிறாள். கையில் விடைத்தாள் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், அங்கே படர்ந்திருந்த பாசியைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, தானே வந்து விடைத்தாளைத் தேர்வுப் பிரிவில் கொடுத்தாள். அதெல்லாம் கணக்கில் வராது. விடைத்தாளோடு அறையை விட்டு வெளியேறினால் முறைகேடு. அந்தப் பருவம் முழுக்க ரத்து, இரண்டு வருஷம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. விதி அப்படி.

தையல் பிரித்து நான் வேலைக்கு வந்த அன்று ஜன்னலில் அவள் அண்ணன் நின்றார். கையில் கரி, அவசரத்தில் கழுவாமல் வந்திருந்தார். வியாழக்கிழமை விசாரணை என்றார்.

"ரெண்டு வருஷம்னா அவ திரும்ப வரமாட்டா அக்கா. பதினெட்டு வயசுல ஒருதரம் பாத்துட்டேன். வீட்டுல மூலையில உக்காந்தா எழுப்பறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்று மதியம் அந்தக் கோப்பு என் மேசைக்கே வந்தது, குறிப்பைத் தட்டச்சு செய்ய. சுற்றறிக்கையின் கையெழுத்தில் இருந்தது. மாணவி முந்தைய மூன்று பருவங்களும் எவ்விதச் சலுகையும் இன்றி எழுதி முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளார். சலுகை கோரி அவர் விண்ணப்பித்ததாக இப்பிரிவில் பதிவு ஏதும் இல்லை. எனவே தேவை நிரூபிக்கப்படவில்லை.

மூன்றாவது வரியில் என் விரல் நின்றுவிட்டது. காகிதத்தின்படி அதில் ஒரு பொய்கூட இல்லை. சலுகை கொடுத்ததாகக் காகிதத்தில் எங்கேயும் கிடையாது. பதிவே இல்லாமல் செய்தவள் நான். நான் ஒளித்துச் செய்த நல்லதுதான் அவளுக்கு எந்த உதவியும் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாக நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இரு என்றார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம், இருக்கைப் பட்டியலைத் திருத்தினேன் என்று நீயாகப் போய்ச் சொன்னால் உன்னையும் பிடிப்பார்கள், அவள் மூன்று பருவமும் காப்பியடித்தாள் என்று அவளையும் பிடிப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் இரண்டாவது பாதிதான் என்னை உலுக்கியது. என் தலையைக் கொடுப்பது ஒன்று. அவள் தலையையும் சேர்த்துக் கொடுக்க நான் யார்?

அவளையே கேட்டுவிடலாம் என்று மாலையில் டயர் கடைக்குப் போனேன். கடைக்குள் ரப்பர் வாசம் மூக்கை அடைத்தது. பின்பக்கத் தடுப்புக்குள் காதுமூடியோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வாளி நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேரில் பழி வரலாம், அதனால் நீ வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன்.

பெரிய நட்டு ஒன்றைச் சின்னவற்றிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் போட்டாள். "அன்னிக்கே கேட்டேன், எந்தப் பதிவேட்டுல இருக்கும்னு."

"கேட்டே. நான்தான் சிரிச்சேன்."

"நீங்க எனக்கு மேசை குடுத்தீங்க. அது நல்லா இருந்தது. ஆனா உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா எனக்குப் படிப்பு இல்லன்னு ஆயிடுச்சு." இன்னொரு நட்டை எடுத்து அளவு பார்த்தாள். "நடந்தது நடந்ததுதான் மேடம். சொல்லுங்க. நான் காப்பியடிக்கல, அதனால அதை நிரூபிக்க முடியாது."

நிரூபிக்க முடியாத பழியைப் போட்டு எத்தனை பேரை வெளியே அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முதல்வர் அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் முதல்வர் அம்மா, இந்தப் பக்கம் சுற்றறிக்கை, அந்தப் பக்கம் துறைத்தலைவர். எதிரில் அவள், பின்னால் சுவரோரம் அவள் அண்ணன், கழுவிய கையோடு. பதிலை எழுதித் தரட்டுமா என்று அவள் கேட்டாள். பேசத் தெரியும் அல்லவா, பேசு என்றார் துறைத்தலைவர். விடைத்தாளோடு ஏன் ஓடினாய் என்று கேட்டார்கள். கீழே வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை, கை பிடித்திருந்தது என்றாள். சுற்றறிக்கை அதை எழுதிக்கொண்டார். திமிர் என்று நினைத்திருப்பார். அப்புறம் நான் தட்டச்சு செய்த குறிப்பையே வாசிக்க ஆரம்பித்தார்.

கதவுச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் தட்டாமல் உள்ளே போனேன். மூன்று பருவத்துப் பட்டியல்கள் பதினைந்தையும் மேசையில் பரப்பினேன். பதினைந்திலும் பதினான்காம் அறை, சுவரோர இரண்டாவது மேசை, ஒரே எண். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நானே அதை வெளியே எடுத்து வைத்தேன்.

சுற்றறிக்கை கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்படி?"

"நான்தான் சார் போட்டேன். கையால. அந்த இடத்துல அவ உக்காந்தா எழுதறா, உக்காரலன்னா எழுத முடியல. பதினஞ்சு தாளும் இந்த ஒரு தாளும் பாத்தா தெரியும். தேவை நிரூபிக்கப்படலன்னு எழுதியிருக்கீங்க. இதைவிட வேற என்ன நிரூபணம்?"

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"உங்களைக் கேட்டேன். கட்டம் இல்லன்னீங்க."

துறைத்தலைவர் நான் பயந்ததையே சொன்னார். ஒரே இடம் என்றால் மேசையில் எழுதி வைத்திருக்கலாமே, அந்த முதல் வகுப்புகளையே இப்போது சந்தேகப்பட வேண்டியிருக்கிறதே என்றார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அப்புறம் பையின் ஜிப்பைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மனு. நான்கு கோரிக்கை. மேலே என் முத்திரை, ஓங்கிக் குத்தியதில் மை கொஞ்சம் பரவியிருந்தது. தேதி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"காப்பியடிக்கறவங்க எந்த மேசைன்னு மனு குடுத்துட்டு அடிக்க மாட்டாங்க" என்றாள்.

முதல்வர் அம்மாவுக்கு உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. மனுவை இரண்டு தரம் படித்தார். சுற்றறிக்கையைப் பார்த்தார். பதிவு ஏதும் இல்லை என்று எழுதிய வரியில் விரலை வைத்தார். கடைசியில் முறைகேட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடலாம், கருணை அடிப்படையில் அடுத்த பருவத்தில் எழுத அனுமதிக்கலாம் என்றார். அவள் அண்ணன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். எனக்கும் போன உயிர் வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. "கருணைன்னு எழுத வேண்டாம். நான் விண்ணப்பிச்சேன். தேதி இருக்கு. கருணைன்னு எழுதினா அடுத்தவங்களும் கருணை கேக்கணும்."

அவள் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, போதும் வா என்று சைகை காட்டினார். கை எட்டினால் நானும் அவள் வாயைப் பொத்தியிருப்பேன். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழியை உடைக்கிறாளே என்று பதறிப்போனேன். முதல்வர் அம்மா பேனாவை எடுத்து ஒரு வார்த்தையை அடித்தார். மேலே, மாணவியின் விண்ணப்பத்தின் பேரில் என்று எழுதினார். அவள் அதைத் தலைகீழாகவே வாசித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பின்னாலேயே மாற்றல் உத்தரவும் வந்தது. தபால் பிரிவு. கல்லூரிக்கு வருகிற கடிதம், மனு எல்லாவற்றையும் வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுகிற இடம். படிக்கட்டுக்குக் கீழே ஒரு ஜன்னல், ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி. பட்டியல்களை இப்போது கணினி போடுகிறது. பரீட்சை மாதத்தில் என் மேசைக்கு யாரும் கையைக் கட்டிக்கொண்டு வருவதில்லை. வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த பருவத்துக்கு அவள் சலுகைப் படிவத்தை நிரப்பினாள். நான்கு கட்டத்துக்குக் கீழே அதே அளவில், அதே இடைவெளியில் அடிக்கோல் வைத்து ஐந்தாவது கட்டம் ஒன்றை வரைந்து, பக்கத்தில் ஆட்டிசம் என்று எழுதி, டிக் போட்டிருந்தாள். உத்தரவு இருந்ததால் சுற்றறிக்கை அதை வாங்கித் தொலைத்தார். பதினான்காம் அறையில் ஐந்து தாளையும் எழுதினாள், முதல் வகுப்பு. பேச்சுத் திறனுக்கு மறுபடியும் இரண்டு. முனைவர் பட்டத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள், பேச்சுத் திறன் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாசிக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தமோ அவர்களுக்கே வெளிச்சம். இப்போது மருந்துக் கிடங்கில் பாதி நாள் வேலை, மீதி நாள் வேறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் எழுதுகிறாள். ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்கிறாள்.

போன வாரம் என் ஜன்னலில் ஒருவன் நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். நான் நீட்டிய சலுகைப் படிவத்தை அவன் வாங்கவில்லை, தானே ஒன்று கொண்டுவந்திருந்தான். நகலுக்கு நகல் எடுத்ததில் எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. நான்கு கட்டத்துக்குக் கீழே அடிக்கோலால் வரைந்த ஐந்தாவது கட்டம் இருந்தது. அவள் கோடு எனக்குத் தெரியாதா? டிக் மட்டும் புதிது, நீல மையில். அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் விளிம்பைக் கட்டை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

தேர்வுப் பிரிவில் அந்தக் கெட்டிக்காரப் பையன் என் பேச்சைக் கேட்பான். ஒரு போன் போட்டால் ஒரு மேசை கிடைத்துவிடும். எடுத்துட்டுப் போப்பா, நான் பாத்துக்கறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், சுலபத்தில் போகுமா? விழுங்கிக்கொண்டேன்.

முத்திரையை மையில் ஒற்றி, படிவத்தில் ஒன்று, அவன் நகலில் ஒன்று என்று குத்தினேன். பதிவேட்டில் எண் போட்டேன். அந்த எண்ணை நகலிலும் எழுதினேன்.

"இது நடக்குமா மேடம்?"

"தெரியாதுப்பா. ஆனா வந்து சேரவே இல்லன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது."

நகலைப் பத்திரமாக வை என்று சொல்ல நிமிர்ந்தேன். அவன் அதற்குள் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.